பிரியாணிக்குப் பின் போட்ட மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 46. கொளத்தூரில் கடை வைத்திருக்கிறேன். 8 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. ஓராண்டாக விறைப்பு சரியாக வருவதில்லை. மெடிக்கலில் சில்டெனாஃபில் 50 மி.கி. கேட்டு வாங்கி, இரவு பிரியாணி சாப்பிட்டதும் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். தலைவலிதான் வந்தது. 100 மி.கி. போடலாமா? இதயத்துக்கு ஆபத்தா?

பதில்: நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். முதலில், 50 மி.கி. ஏன் வேலை செய்யவில்லை என்று பார்ப்போம். கொழுப்பான சாப்பாட்டுக்குப் பின் சில்டெனாஃபில் ரத்தத்தில் சேர வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் வரை தாமதமாகும், சேரும் அளவும் குறையும். வெறும் வயிற்றில், அல்லது இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, உறவுக்கு ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு முறைதான்.

இன்னொன்று, இது ஆசையைத் தூண்டும் மாத்திரை இல்லை. மனம் கிளர்ச்சி அடையும்போது ஆணுறுப்பின் நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும். அதனால் உண்டாகும் சிஜிஎம்பி என்ற வேதிப்பொருள் தசையைத் தளர்த்தி ரத்தத்தை உள்ளே விடும். அந்தச் சிஜிஎம்பியைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதுதான் மாத்திரையின் வேலை. பலன் வருமா வராதா என்று பதற்றத்தோடு படுத்திருந்தால் சிஜிஎம்பியே உண்டாகாது, மாத்திரைக்கும் அங்கே வேலை இருக்காது. சர்க்கரையால் நரம்பு பாதித்தவர்களுக்குப் பலன் சற்றுக் குறைவு என்பதும் உண்மை. ஆனாலும் சரியான முறையில் ஆறேழு தடவை பார்க்காமல் தோல்வி என்று முடிவுகட்ட வேண்டாம். சாப்பாட்டு நேரம் ஒத்துவராவிட்டால் இதே வகை மாத்திரையான டாடலாஃபில் இருக்கிறது. உணவு அதைப் பாதிக்காது, பலன் 36 மணி நேரம் வரை நிற்கும். சிலருக்கு முதுகுவலி வரும்.

தலைவலி, முகம் சிவப்பது, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் வந்து போகும். விறைப்பு 4 மணி நேரம் தாண்டியும் இறங்காவிட்டாலோ, திடீரென்று பார்வை மங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இதயத்தைப் பற்றிக் கேட்டது மிகச் சரி. நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் சில்டெனாஃபில், டாடலாஃபில் இரண்டையும் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிர் போகலாம். நெஞ்சுவலிக்கான இன்னொரு மாத்திரையான நிக்கோராண்டிலுக்கும் இதே தடைதான். சில்டெனாஃபில் போட்ட இரவில் நெஞ்சு வலித்து 108-ஐ அழைத்தால், மாத்திரை போட்டதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு மறைத்தால் அவர்களே சார்பிட்ரேட் கொடுத்துவிடக்கூடும். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிட்டால் சில்டெனாஃபிலை 25 மி.கி.யில்தான் தொடங்க வேண்டும்.

ஆணுறுப்பின் ரத்தக்குழாய் இதயத்தின் குழாயைவிடக் குறுகலானது. அடைப்பு முதலில் தெரிவது பெரும்பாலும் அங்கேதான். 46 வயதில், சர்க்கரையோடு, நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை: எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொலஸ்ட்ரால், பிபி, இசிஜி, காலை 10 மணிக்குள் எடுத்த ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன். சென்னை சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் யூராலஜி பிரிவிலேயே காட்டலாம். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். விளம்பரத்தில் வரும் லேகியம் வேண்டவே வேண்டாம். அவற்றில் சில்டெனாஃபிலையே அளவு சொல்லாமல் கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.