வென்றவருக்கு இலவச அறை, இழந்தவருக்கு இல்லையா?
வணக்கம். சில சுற்றுகளிலேயே பெருந்தொகையை இழந்த உங்களுக்குக் கேசினோவில் இலவச அறை மறுக்கப்பட்டதும், இரவு முழுவதும் ஆடி வென்ற நண்பருக்கு அது கிடைத்ததும் வருத்தம் தருவது இயல்பே. பொதுவாக அங்கே கணக்கில் முன்னிற்பது உண்மை இழப்பு அன்று. சராசரிப் பந்தயம், மணிக்கு எத்தனை சுற்று, ஆடிய நேரம், அந்த ஆட்டத்தில் நிறுவனத்துக்குள்ள சாதக விகிதம் ஆகியவற்றைப் பெருக்கிவரும் எதிர்பார்ப்பு இழப்பில், அதாவது சராசரியாக இழக்கக்கூடிய தொகையில், ஒரு பகுதியே சலுகையாகத் திரும்புகிறது. எண்கள் பொறித்த சக்கரத்தைச் சுழற்றி ஆடும் ரூலெட்டில், சக்கரத்தில் ஒரே சுழியம் இருந்தால் அவ்விகிதம் ஏறத்தாழ 2.7 விழுக்காடு, ஆகவே சுற்றுக்கு 100 ரூபாய் வீதம் 120 சுற்றுகள் ஆடியவரின் எதிர்பார்ப்பு இழப்பு சுமார் 324 ரூபாய் மட்டுமே. சுற்றுகள் குறைந்தால் இத்தொகையும் குறையும்; இரவு முழுவதும் ஆடிய நண்பருக்கு அது கூடியிருக்கும். உறுப்பினர் அட்டையை அமரும்போதே கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் ஆட்டமே பதிவாகியிருக்காது. அறைக்காக மட்டும் ஆட்டத்தை நீட்டிவிடாதீர்கள். திரும்பிவருவது எதிர்பார்ப்பு இழப்பின் ஒரு பகுதிதான் என்பதால், வாடகையை நேரே செலுத்துவதே உங்களுக்குச் சிக்கனம்.