ரேடார் படிப்பு கேட்கும் மகள்: குலசேகரம் அம்மாவுக்குப் பதில்

அம்மா, உங்கள் மகள் பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி ஆண்டு. மண்ணிலும் மரத்திலும் பட்டுச் சிதறும் ரேடார் அலையைக் கணக்கிடும் படிப்புதான் வேண்டும் என்கிறாள். பி.எட். முடித்து ஒரு பள்ளியில் சேர்ந்தால் நிம்மதி என்கிறீர்கள் நீங்கள். பிள்ளை கேட்பது வீண் ஆசை இல்லை. வழி மட்டும் கொஞ்சம் நீளம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. மேகம் மூடிவிட்டால் சாதாரணச் செயற்கைக்கோள் படத்தில் வயலே தெரியாது. ரேடார் அலை மேகத்தைத் தாண்டி வரும். ஆனால் அது திரும்பிப் போகும்போது மண்ணின் ஈரம், மேடுபள்ளம், இலை, கிளை எல்லாவற்றின் விளைவையும் கலந்து கொண்டுபோகிறது. எது மண் தந்தது, எது இலை தந்தது என்று பிரிக்கும் கணக்குதான் இந்தத் துறை.

கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலை எடுத்துக்கொள்ளுங்கள். அசையாத நீர் கண்ணாடி மாதிரி அலையை மறுபக்கம் தள்ளிவிடும். படத்தில் வயல் கறுப்பாக விழும். பயிர் வளர வளர வெளுக்கும். உங்கள் ரப்பர் தோட்டத்தில் சென்டினல்-1 என்னும் ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோள் அனுப்பும் சுமார் 5.6 செ.மீ. அலை பெரும்பாலும் இலையிலும் சிறு கிளையிலும் சிதறிவிடும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய இந்திய-அமெரிக்கச் செயற்கைக்கோள் நிசாரில் 24 செ.மீ. அலையும் உண்டு, அது பெருங்கிளை, அடிமரம் வரை இறங்கும். மண்ணையும் இலையையும் பிரிக்க, அட்டெமா, உலாபி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978இல் செடிக்கூட்டத்தை நீர்த்துளி மேகமாக வைத்துப் போட்ட சமன்பாட்டை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

வேலை கணினி முன்னால் மட்டும் இல்லை, இதை அவளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். செயற்கைக்கோள் கடக்கும் நாளில் வயலில் இறங்கி மண் எடுக்க வேண்டும். ஈரத்தோடு எடை போட்டு, 105 டிகிரி சூட்டடுப்பில் ஒரு நாள் உலர்த்தி, மறுபடி எடை போட வேண்டும். அந்த ஈர அளவு தப்பினால், அதை வைத்துப் போடும் கணக்கும் தப்பு.

வேலைவாய்ப்பு? இஸ்ரோ மையங்கள், பல்கலைக்கழகங்கள், பயிர்க் காப்பீட்டுக் கணிப்பு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமே ரேடார் படத்தால் நெல் பரப்பைக் கணித்துக் காப்பீட்டுக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் இளநிலைப் பட்டத்தோடு நின்றால் இந்தத் துறையில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. எம்.எஸ்ஸி., அப்புறம் எம்.டெக். அல்லது பிஎச்.டி. வரை போகத்தான் வேண்டும். வீட்டில் கடன் நெருக்கடி இருந்தால் அதை இப்போதே அவளிடம் பேசுங்கள். மறைத்துவைத்துவிட்டு நடுவில் நிறுத்தச் சொல்வது கொடுமை.

எம்.எஸ்ஸி.க்கு ஜாம் என்னும் நுழைவுத் தேர்வு எழுதட்டும். அடுத்து எம்.டெக்.குக்கான கேட் தேர்வு, அதில் புவித்தகவல் பொறியியலுக்கென்றே தனித் தாள் இருக்கிறது. டேராடூனில் இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனமான ஐ.ஐ.ஆர்.எஸ்.ஸும், பக்கத்தில் திருவனந்தபுரம் வலியமலையில் விண்வெளிப் படிப்புக்கான ஐ.ஐ.எஸ்.டி.யும் பார்க்க வேண்டிய இடங்கள். எந்தப் பட்டத்துக்கு இடம் என்பது பாடத்துக்குப் பாடம் மாறும், அறிவிப்பைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. ஐ.ஐ.ஆர்.எஸ். இலவச இணைய வகுப்பு ஒன்றில் சேரட்டும். சென்டினல்-1 படங்களும் அவற்றை அலசும் ஸ்னாப் மென்பொருளும் இலவசம். உங்கள் தோட்டத்தின் ஓராண்டுப் படங்களை எடுத்து, ரப்பர் இலை உதிரும் மாதங்களில் அலை எப்படி மாறுகிறது என்று அவளே வரைபடம் போடட்டும். அது வந்ததும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வாருங்கள், எம்.எஸ்ஸி. எங்கே என்று அன்றைக்கு முடிவு செய்யலாம்.