"எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன் சார்" என்று சொல்லாதீர்கள்

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு கிராமம். பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்து ஒரு வருடம் ஆகிறது. இதுவரை போன இன்டர்வியூக்களில் பாடம் சம்பந்தமாகக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். ஆனாலும் வேலை கிடைக்கவில்லை. ஒரு இடத்தில் போன் செய்து விசாரித்தபோது, "உங்களுக்கு இந்த வேலையில் ஆர்வம் இருக்கிற மாதிரித் தெரியலையே" என்றார்கள். நான் இயல்பாகவே அதிகம் பேசாதவள். அடுத்த வாரம் கப்பலூரில் ஒரு மசாலா கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு உதவியாளர் வேலைக்கு இன்டர்வியூ. ஆர்வத்தை எப்படிக் காட்டுவது? சிரித்த முகமாகக் கலகலப்பாகப் பேசினால் போதுமா?

பதில்: கலகலப்பு வேண்டாம். உங்களுக்கு வராததை அரை மணி நேரத்துக்கு வரவழைத்தால் எதிரில் இருப்பவருக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அதிகம் பேசாதது ஒரு குறையே இல்லை. அதுவும் தரக்கட்டுப்பாட்டில், நிதானமான ஆளைத்தான் தேடுவார்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் ஊகிக்கிறேன். "இந்த வேலைக்கு ஏன் வர்றீங்க?" என்று கேட்டிருப்பார்கள். "எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன் சார்" என்று சொல்லியிருப்பீர்கள். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் பல வருடம் உட்கார்ந்தவன் நான். நம் பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் வந்தால் ஆறேழு பேர் இதைத்தான் சொல்வார்கள். பணிவாக, நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். கேட்பவர் காதில் அது வேறு மாதிரி விழுகிறது: இந்தப் பெண்ணுக்கு எங்கள் வேலையும் ஒன்றுதான், பக்கத்துக் கம்பெனி வேலையும் ஒன்றுதான்.

மதுரைச் சுற்றுவட்டார முதலாளிகளுக்கு இன்னொரு பயமும் உண்டு. ஆறு மாதம் பழக்கிவிட்ட பிறகு ஆள் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விடுகிறது, அல்லது குரூப் 4 தேர்வுக்குப் படிக்க லீவு கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. ஆர்வம் இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பதில் பாதி, இந்த ஆள் நிலைத்து நிற்குமா என்ற கவலைதான். "வீட்டுக்குப் பக்கம் என்பதால் வருகிறேன்" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். உள்ளூரிலேயே இருக்கப் போகிறேன் என்பது இங்கே பெரிய பலம். அதையே முழுக் காரணமாகச் சொல்லிவிடாதீர்கள், அவ்வளவுதான். டி.என்.பி.எஸ்.சி. படிக்கிறீர்களா என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். விண்ணப்பித்திருந்தால், விண்ணப்பித்திருக்கிறேன் என்று.

சரி, ஆர்வம் எதில்தான் தெரியும்? கூப்பிடுவதற்கு முன்னால் நீங்கள் எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறீர்கள் என்பதில் தெரியும். கதவைத் தட்டுவதற்கு முன்பே அந்த வேலையைக் கொஞ்சம் செய்து பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் கம்பெனியின் மிளகாய்த் தூள், மல்லித் தூள், மஞ்சள் தூள் பாக்கெட்டுகளைக் கடையில் வாங்குங்கள். ஐம்பது கிராம் பாக்கெட்டே போதும். பின்பக்கத்தைப் படியுங்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், பேட்ச் எண், எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். வேறு இரண்டு கம்பெனிப் பாக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் உங்கள் படிப்பை அதில் பொருத்துங்கள். மிளகாய் வத்தல் சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், அதில் ஆஸ்பெர்ஜிலஸ் வகைப் பூஞ்சை வந்தால் அஃப்லாடாக்சின் என்ற நச்சு சேரலாம். இதை நீங்கள் கல்லூரியில் படித்திருப்பீர்கள். மிளகாய்த் தூளில் ஈரப்பதம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டத்தில் வரம்பு வைத்திருப்பதற்குப் பின்னால் இந்தச் சங்கதியும் இருக்கிறது. 2024-ல் எத்திலீன் ஆக்சைடு இருந்ததாகச் சொல்லி ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சில இந்திய மசாலாக்களின் விற்பனையை நிறுத்தின. அந்த வாயுவை நுண்ணுயிர்களைக் கொல்லத்தான் பயன்படுத்துகிறார்கள். அதுவும் உங்கள் பாடம்தான்.

இதையெல்லாம் ஒப்பிக்கப் போகாதீர்கள். ஒரு இடத்தில் வந்தால் போதும். "ஏன் இந்த வேலை?" என்று கேட்டால், "உங்கள் மிளகாய்த் தூளையும் இன்னும் இரண்டு கம்பெனித் தூளையும் வாங்கிப் பார்த்தேன் சார். வத்தல் வந்து இறங்கும்போதே ஈரம் பார்ப்பீர்களா, அரைத்த பிறகு பார்ப்பீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. நான் படித்ததில் எனக்குப் பிடித்த பகுதி பூஞ்சைதான்" என்று சொல்லிப் பாருங்கள். மெல்லிய குரலில் சொன்னாலும் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். எந்தப் பகுதி உங்களுக்கு உண்மையில் பிடித்ததோ அதைச் சொல்லுங்கள், பூஞ்சை என்று நான் சொன்னது ஒரு பேச்சுக்கு. பிடித்ததைப் பேசும்போது முகம் தானாக மாறும், அதற்குத் தனியாகப் பயிற்சி தேவையில்லை.

கடைசியில் "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்பார்கள். "இல்லை சார்" என்று எழுந்துவிடுவதுதான் நம் வழக்கம், பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்று வளர்ந்திருக்கிறோம். இங்கே கேட்கலாம், கேட்க வேண்டும். வத்தல் எங்கிருந்து வருகிறது, ராமநாதபுரம் முண்டு மிளகாயா, வேறு ரகமா? ஏற்றுமதிச் சரக்குக்கு நுண்ணுயிரைக் குறைக்க நீராவி முறை வைத்திருக்கிறீர்களா? சேர்ந்த முதல் மூன்று மாதம் எனக்கு என்ன வேலை இருக்கும்? இவற்றில் இரண்டு போதும். அவர் சொல்லும் பதிலைக் கேட்டு அதிலிருந்து ஒரு கேள்வி எழுந்தால் அதுதான் இருப்பதிலேயே நல்ல கேள்வி.

மேலூரிலிருந்து கப்பலூர் என்றால் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை. "தினமும் வந்து போயிருவீங்களா?" என்று கட்டாயம் கேட்பார்கள். "வந்துருவேன் சார்" என்ற வெறும் பதிலை அவர்கள் நூறு தடவை கேட்டாகிவிட்டது. முந்தின வாரம் ஒருநாள் காலையில் ஷிப்ட் நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். மாட்டுத்தாவணியில் மாறி, திருமங்கலம் பக்கம் போகும் பஸ்களில் கப்பலூரில் நிற்பது எது, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். "இத்தனை மணி பஸ்ஸைப் பிடித்தால் கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிடலாம், பார்த்துவிட்டேன் சார்" என்பதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழாது. கல்யாணம் ஆனால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கக்கூடும். கேட்கக் கூடாத கேள்விதான், கேட்கிறார்கள். "வேலையைத் தொடர்வதாகத்தான் இருக்கிறேன் சார்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் திணறினால், தமிழில் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டுத் தமிழில் சொல்லுங்கள். சம்பளத்தை அவர்கள் எடுக்கட்டும். கடைசி வரை எடுக்காவிட்டால் தயங்காமல் நீங்களே கேளுங்கள். அவர் சொல்வதற்கெல்லாம் "கண்டிப்பா சார், கண்டிப்பா சார்" என்று தலையாட்டாதீர்கள்.

அன்று மாலையே நாலு வரியில் ஒரு மெயில் அனுப்புங்கள். நன்றி, உள்ளே பேசியதில் உங்களுக்குப் புதிதாகத் தெரிந்த ஒரு விஷயம், எப்போது சேர முடியும் என்ற தேதி. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை போன் செய்து கேட்கலாம். அதற்கு மேல் கூப்பிட வேண்டாம்.