வேர்வையைத் துடைக்கச் சொன்ன நாட்கள்

அன்புள்ள சார்,

நீங்கள் ஒளிப்பதிவு செய்த ஆரம்ப காலப் படங்களில் எல்லா முகமும் பளிச்சென்று இருக்கும். இப்போதைய படங்களில் எங்கள் ஊர் ஆட்கள் எங்கள் ஊர் ஆட்களாகவே தெரிகிறார்கள். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்ததால் நடந்த மாற்றமா, நீங்கள் மாறினீர்களா?

சு., காவேரிப்பட்டணம்

அன்புள்ள சு.,

டிஜிட்டல் உதவியது உண்மை. ஆனால் நான் அதற்கு முன்பே மாற ஆரம்பித்துவிட்டேன்.

என் முதல் படத்தை தருமபுரியில் ஒரு தியேட்டரில் அம்மாவோடு பார்த்தேன். சென்னை லேபில் அவ்வளவு நன்றாக இருந்த இரவுக் காட்சி அங்கே வெறும் கறுப்பு. திரை 16 ஃபுட் லாம்பர்ட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) பிரகாசமாக இருக்க வேண்டும் என்பது ஃபிலிம் காலத்துக் கணக்கு. அங்கே செலவு மிச்சம் என்று புரொஜெக்டர் விளக்கின் கரண்டைக் குறைத்து ஓட்டினார்கள். "பேச்சு கேக்குது, மூஞ்சி ஒண்ணும் தெரியலியே கண்ணு" என்றார் அம்மா. அந்தப் பயம் பல வருஷம் என்னை விடவில்லை. கறுத்த முகம் என்றால் வழக்கத்தைவிட ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைப்பேன்; ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. ஃபிலிம் நெகட்டிவ், வெளிச்சம் கூடினால் தாங்கும், குறைந்தால் தாங்காது. அதனால் அது தப்பாகவும் தெரியவில்லை. வேர்வையைத் துடைத்துப் பவுடர் போடச் சொல்வேன். முகம் தெரிந்தது, சாம்பல் பூசினதுபோல.

பிறகு ஒரு ஜூன் மாதம், உங்கள் பக்கத்து மாங்காய் மண்டி ஒன்றில் படப்பிடிப்பு. தார்ப்பாய்க்கு அடியில் பெண்கள் பெங்களூரா மாங்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெனரேட்டர் வந்து சேரவில்லை. லைட்மேன் அண்ணன் வெயிலில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டினார். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கன்னத்து எலும்பில், வேர்வைமேல், அந்த வேட்டியின் வெண்மை அகலமாகப் படிந்தது. வெளிச்சம் அளக்கும் மீட்டரைப் பிடித்தால், நான் வழக்கமாக வைப்பதற்கு இரண்டு ஸ்டாப் கீழே. ஆனாலும் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது. பவுடர் டப்பாவோடு வந்த தம்பியை நிறுத்திவிட்டேன்.

கறுத்த தோல் தன்மேல் விழும் வெளிச்சத்தில் கொஞ்சத்தைத்தான் திருப்பித் தரும். விளக்கைக் கூட்டிக்கொண்டே போனால் நிறம்தான் வெளுக்கும். ஆனால் எண்ணெயும் வேர்வையும் படிந்த மேல்தோல், எதிரே இருப்பதைக் கண்ணாடிபோலக் காட்டும். எதிரே சின்ன விளக்கு இருந்தால் நெற்றியில் சுள்ளென்று ஒரு புள்ளி. பெரிய துணி இருந்தால் முகத்தின் வடிவமே அந்தப் பளபளப்பில் எழுந்துவரும். இது புரிய எனக்கு அத்தனை வருஷம் ஆனது. என் அம்மாவின் நிறமும் அதுதான் என்பதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

டிஜிட்டலில் கணக்கு தலைகீழ். வெளிச்சம் மிஞ்சினால் போனது போனதுதான். அதனால் வானத்தையும் வெள்ளைச் சட்டையையும் பார்த்து அளக்கிறேன். முகத்தை இருட்டுப் பக்கம் விடத் தைரியம் வருகிறது. ஆனால் படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் கடைசியாகச் சரிசெய்யும் டிஐ அறையில் "மூஞ்சிய கொஞ்சம் தூக்குங்க" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. ஒவ்வொரு படத்திலும் அதற்காகச் சண்டை போடுகிறேன்.

அடுத்த வேலை ஒகேனக்கல்லில், பரிசல் ஓட்டுகிறவர்களோடு. அங்கே ஆற்று வெயில் கீழிருந்து முகத்தில் அடிக்கும். கறுப்புத் துணி போட்டு அதைக் குறைப்பதா, அப்படியே விடுவதா என்று பரிசலில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.