எழுந்தவுடன் குனிந்து கால்விரலைத் தொட வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 54. பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை. பாலத்தைக் கடந்து மோட்டார் சைக்கிளில் போய் வருவதிலும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பதிலுமே நாள் போய்விடுகிறது. கடந்த தைப்பூசத்தில் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏறி இறங்கிய பிறகு மூன்று நாள்களுக்குக் காலை ஊன்ற முடியவில்லை. அதனால் சில மாதங்களாகத் தினமும் காலையில் எழுந்ததும் குனிந்து கால்விரலைத் தொட்டுப் பழகி வருகிறேன். தொடையின் பின்புறம் இளகவில்லை. இப்போது இடுப்பும் வலிக்கிறது. “நரம்பு இறுகியிருக்கிறது, இன்னும் நன்றாக இழுத்துவிடு” என்கிறார்கள் நண்பர்கள். நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அன்புள்ள ஐயா, நாளைக் காலையிலிருந்து அந்தப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். இத்தனை மாதங்கள் விடாமல் செய்த உங்கள் முயற்சியில் குறையில்லை. தேர்ந்தெடுத்த நேரமும் முறையும்தான் சரியில்லை. இரவு முழுதும் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சிச் சற்றே பருத்துவிடுகின்றன. நாம் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் அந்த நீர் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. ஆகவே எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் முழங்காலை மடக்காமல் முழுதாகக் குனிந்தால், வட்டுகளும் அவற்றைச் சுற்றியுள்ள தசைநார்களும் மற்ற நேரங்களைவிட அதிக அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும். உங்கள் இடுப்பு வலிக்கு இது காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் தொடக்கத்தில் வெதுப்பல் என்றும் முடிவில் தணித்தல் என்றும் பயிற்சி கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரியவர்களாகிய நாம் அந்த முதல் பகுதியை விட்டுவிட்டு நேரே தசையை இழுக்கப் போய்விடுகிறோம். வெதுப்பல் என்பது உண்மையிலேயே தசையின் வெப்பத்தை ஏற்றுவது: ஐந்து முதல் பத்து நிமிடம் சற்று விரைவாக நடந்தால் கால் தசைகளுக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, தசை சூடேறுகிறது, சூடேறிய தசை எளிதாக நீள்கிறது. தைலம் தேய்த்துக்கொள்வது இதற்கு ஈடாகாது. தோலில் எரிச்சல் தெரிகிறதே தவிர, உள்ளே இருக்கும் தசை அதனால் வேலைக்குத் தயாராவதில்லை. நடந்த பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னுமாகப் பத்து முறை மெதுவாக வீசுங்கள். குதிகாலைப் பத்துப் பதினைந்து முறை உயர்த்தி இறக்குங்கள். நாற்காலியில் உட்காரப் போவதுபோல் பாதிவரை இறங்கி எழுங்கள். படி ஏறப் போகுமுன் இவ்வளவு போதும். அசையாமல் நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் பயிற்சியை அப்போது செய்ய வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படிப் பிடித்தால் அந்தத் தசையின் வலு கொஞ்ச நேரத்துக்குக் குறைகிறது என்பது சோதித்து அறியப்பட்ட விஷயம்.

இழுத்துப் பிடிப்பதற்கு உரிய நேரம் நடை முடிந்த பிறகுதான். அதற்கு முன், நண்பர்கள் சொன்ன “நரம்பு” என்ற சொல்லைச் சரிபார்த்துவிடுவோம். தசை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண், நரம்பு மூன்றையுமே நாம் நரம்பு என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் மூன்றுக்கும் சிகிச்சை ஒன்றல்ல. நாற்காலியில் முதுகைக் கூன்போட்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்து, ஒரு முழங்காலை நீட்டுங்கள். தொடையின் பின்னால் இழுப்பு தெரிந்தவுடன், காலை அசைக்காமல் தலையை மட்டும் நிமிர்த்துங்கள். இழுப்பு சட்டென்று குறைந்தால் அதில் நரம்புக்கும் பங்கு இருக்கலாம், ஏனெனில் தொடைத் தசைக்கும் கழுத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. அப்படியானால் வலிந்து இழுப்பது கெடுதல். பிசியோதெரபி பயின்ற ஒருவரிடம் காட்டுங்கள்.

தலையை நிமிர்த்திய பிறகும் இழுப்பு குறையவில்லை என்றால், குனிந்து செய்த பயிற்சியைப் படுத்துச் செய்யலாம். தரையில் மல்லாந்து படுத்து, ஒரு பழைய கைலியைச் சுருட்டி வலது பாதத்தில் மாட்டி, இரு முனைகளையும் கைகளில் பிடித்துக்கொண்டு காலை மெல்ல உயர்த்துங்கள். முழங்கால் கொஞ்சம் மடங்கியிருந்தாலும் பாதகமில்லை. முதுகு தரையை விட்டு எழும்பக்கூடாது. இதமான இழுப்பு தெரியும் இடத்தில் நின்று, மூச்சை அடக்காமல் 30 விநாடி இருங்கள். உங்கள் வயதுக்கு 60 விநாடிவரை போகலாம். ஒரு காலுக்கு இரண்டு முறை செய்தால் போதும். உன்னி உன்னி இழுக்காதீர்கள். திடீரென்று நீளும் தசை தன்னைக் காத்துக்கொள்ள அனிச்சையாகச் சுருங்கும். கெண்டைக்காலுக்குச் சுவரில் கைவைத்து, பின்காலின் குதிகாலைத் தரையில் பதித்து, முழங்காலை நீட்டி ஒருமுறையும் மடக்கி ஒருமுறையும் செய்யுங்கள். அங்கே இருக்கும் இரண்டு தசைகளில் உட்தசை, முழங்கால் மடங்கினால்தான் நன்றாக இழுபடும். வாரத்தில் நான்கைந்து நாள்களாவது தொடருங்கள். முதல் சில வாரங்களில் கிடைக்கும் இளக்கம், தசை நீண்டதால் அல்ல, அந்த இழுப்பை உடல் பொறுத்துக்கொள்ளக் கற்றதால் வருவது. பயமுறுத்தி இழுத்தால் உடல் அதைக் கற்காது.

இனி அந்த மூன்று நாள் வலி. தண்ணீர்மலையில் 513 படிகள். ஏறும்போது மூச்சு வாங்கினாலும், வலியைத் தந்தது பெரும்பாலும் இறக்கம்தான். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் அதனால் நுண்ணிய சிதைவு ஏற்பட்டு, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்தை அடைகிறது. ஏறுவதற்கு முன்போ இறங்கிய பின்போ தசையை இழுத்துவிடுவதால் இந்த வலி குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறைவதில்லை. இதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பலர் இதை நம்பி ஏமாறுகிறார்கள். இதற்கு மருந்து, இறங்கிப் பழகுவதுதான். வாரம் இருமுறை அடுக்குமாடிப் படிகளிலோ மலைப்படிகளிலோ 100 படி இறங்கிப் பழகி, வாரந்தோறும் கொஞ்சம் கூட்டுங்கள். ஒருமுறை வலித்து ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை வெகு குறைந்த வலியுடன் செய்யும்.

சில அறிகுறிகள் இருந்தால் பயிற்சியைத் தள்ளிவைத்து மருத்துவரைப் பாருங்கள்: கால்வரை ஓடும் வலியுடன் மரத்துப்போதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருத்தல், நடந்தால் பிடித்து நின்றால் விட்டுவிடும் கெண்டைக்கால் வலி, காலையில் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகியிருத்தல். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவராகவோ புகைப்பவராகவோ இருந்தால் மூன்றாவதை ஒருநாளும் அலட்சியப்படுத்தாதீர்கள்.

தைப்பூசத்தன்று வெறுங்காலுடன் ஏறுவீர்கள். காலணியின் குதிகால் உயரம் இல்லாதபோது கெண்டைக்கால் வழக்கத்தைவிட அதிகமாக நீள வேண்டியிருப்பதால், கடைசி ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயும் புல்தரையிலும் வெறுங்காலில் நடந்து பழகிக்கொள்ளுங்கள். அன்று கூட்டத்தில் காத்து நிற்கும் நேரத்தில் குதிகாலை உயர்த்தி இறக்கிக்கொண்டிருங்கள். தரிசனம் முடிந்து இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பாதம் முழுவதும் படியில் பதிந்த பிறகு அடுத்த காலை எடுங்கள்.