பழைய ஆங்கிலத்தில் நகமும் நத்தையும்: கேள்வி பதில்

சுமார் 450 முதல் 1150 வரை இங்கிலாந்தில் வழங்கிய மொழியைத்தான் பழைய ஆங்கிலம் என்கிறோம். அதில் நகம், ஆணி, நத்தை பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சார், நெயில் (நகம், ஆணி), ஸ்னெயில் (நத்தை) இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கின்றனவே, உறவுச் சொற்களா?

பொருளில் உறவில்லை, ஒலி நடந்து வந்த வழி ஒன்று. பழைய எழுத்தில் அவை நேகெல், ஸ்னேகெல். நடுவிலிருந்த ககரம் யகரமாக இளகி முன்னிருந்த உயிரோடு கலந்துவிட்டது. வாலைக் குறிக்கும் டெயில், ஆலங்கட்டியைக் குறிக்கும் ஹெயில் இரண்டும் இதே வழியில் வந்தவைதான். ஜெர்மனில் அந்த ககரம் இளகவில்லை, இன்றும் நாகெல், ஹாகெல் என்றே சொல்கிறார்கள். நத்தையின் பெயருக்கு உண்மையான சொந்தம் ஸ்னேக், அதாவது பாம்பு. இரண்டும் ஊர்வதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தவை.

விரல் நகத்துக்கும் இரும்பு ஆணிக்கும் ஒரே சொல் இருந்தால் குழம்பாதா?

அது வரும் இடத்தைப் பார்த்தால் குழம்பாது. இங்கிலாந்தின் கெண்ட் பகுதி மன்னர் ஏதெல்பெர்ட் 600ஆம் ஆண்டையொட்டி இயற்றிய சட்டத்தில், ஒருவரின் கட்டைவிரலை வெட்டினால் 20 ஷில்லிங், அதன் நகம் போனால் 3 ஷில்லிங் இழப்பீடு. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃபிரெட் மன்னரின் சட்டம் விரல் விரலாகவே விலை வைத்தது. ஆள்காட்டி விரலுக்கு 15, மோதிர விரலுக்கு 17, சுண்டுவிரல் நகத்துக்கு 1 ஷில்லிங். வில் எய்யும் ஆள்காட்டி விரலைவிட மோதிர விரலுக்கு ஏன் கூடுதல் மதிப்பு என்பதை யோசித்துக்கொண்டே இருக்கலாம்!

இரும்பு ஆணி வருவது கப்பலில். 937இல் நடந்த புருனன்பர் போரைப் பாடும் கவிதையில், தோற்ற வடநாட்டார், அதாவது வைக்கிங்குகள், ‘ஆணி அடித்த கப்பல்களில்’ ஓடிப்போகிறார்கள். பலகை மேல் பலகை ஏற்றி இரும்பு ஆணியால் இறுக்கிய கப்பல்கள் அவை. இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் 1939இல் தோண்டியபோது இப்படிப்பட்ட ஒன்று கிடைத்தது. மரம் முழுவதும் மட்கிப் போயிருந்தது, ஆனால் ஆணிகள் வரிசை கலையாமல் மணலில் நின்றன. சுமார் 27 மீட்டர் நீளக் கப்பலின் வடிவத்தை அந்த வரிசைதான் காட்டிக்கொடுத்தது. அந்தக் கவிதையைப் படிக்கும் மாணவர்கள் இந்தக் கப்பலின் படத்தையும் அவசியம் பார்க்க வேண்டும்.

நகத்தோரம் பிய்ந்து நிற்கும் தோலை ஹேங்நெயில் என்கிறார்கள். தொங்கும் நகம் என்றுதானே பொருள்?

அப்படித் தோன்றும், ஆனால் மூலச் சொல்லில் தொங்குவது எதுவும் இல்லை. அது ‘அங்நேகெல்’. ‘அங்’ என்றால் வலி, நெருக்கல். ‘நேகெல்’ இங்கே ஆணி. மொத்தத்தில் அது பாதத்தில் வரும் கால் ஆணியின் பெயர். தோல் தடித்து ஆணித்தலைபோல் உறுத்துவதால் நாம் அப்படிச் சொல்கிறோம், அவர்களும் அப்படியே சொன்னார்கள். லத்தீனிலும் ‘கிளாவுஸ்’ என்றால் ஆணியும் கால் ஆணியும்தான். பின்னால் வந்தவர்கள் இதிலிருந்த ஆணியை நகமாக எடுத்துக்கொள்ள, நோய் காலிலிருந்து விரல் நுனிக்கு வந்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் முன்னால் ஒரு ஹகரமும் ஒட்டிக்கொண்டது.

ஐயா, ஓடில்லாத நத்தைக்குத் தனிச்சொல் இருந்ததா?

இல்லை, அதுவும் ஸ்னேகெல்தான். 1000ஆம் ஆண்டையொட்டி ஏல்ஃப்ரிக் என்ற துறவி தொகுத்த லத்தீன் சொற்பட்டியலில் ஓடில்லாததுதான் வெறும் நத்தை. ஓடுள்ளதை ‘வீடு உடையது’ என்று பிரித்துக் காட்டினார். ஸ்லக் என்ற சொல் அந்த உயிருக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டில். முன்பு அது சோம்பேறியைக் குறித்தது.

நத்தை பாட்டில் வருகிறதா?

வருகிறது. எக்ஸ்டர் பேராலயத்தில் உள்ள 10ஆம் நூற்றாண்டுச் சுவடியில், படைப்பே பேசும் ஒரு நீண்ட விடுகதை உண்டு. உலகத்தையே தழுவி நிற்பதாகச் சொல்லும் அது, என்னைவிட நத்தை விரைவானது, மண்புழு வேகமானது என்றும் சொல்கிறது. மண்புழுவுக்கு அங்கே ‘மழைப்புழு’ என்று பெயர். சாணத்தின் மகன் என்று வண்டும் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

நம் ‘நகம்’ நெயிலுக்கு உறவா?

நகம் சமஸ்கிருத ‘நக’த்திலிருந்து வந்தது. அந்தச் சொல்லும் நெயிலும் ஒரே மூலத்தவை என்றே மொழியறிஞர்கள் பொதுவாகக் கொள்கிறார்கள். கிரேக்க ‘ஓனிக்ஸ்’, லத்தீன் ‘உங்குயிஸ்’ இரண்டும் அதே குடும்பம். தமிழின் சொந்தச் சொல் சங்கப் பாடல்களில் வரும் ‘உகிர்’. அதற்கு இந்தக் குடும்பத்தோடு தொடர்பில்லை.