ரேடாரில் மறைந்த எம்எச்370 இந்தியப் பெருங்கடலில்தான் விழுந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

2014 மார்ச் 8, நள்ளிரவு தாண்டி 239 பேருடன் கோலாலம்பூரில் இருந்து பெய்ஜிங் கிளம்பிய போயிங் 777 அது. ரேடாரில் இருந்து மறைந்த பிறகும் விமானத்தின் செயற்கைக்கோள் கருவி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஏறக்குறைய மணிக்கு ஒரு முறை தரைநிலையம், ‘இருக்கிறாயா?’ என்று செயற்கைக்கோள் வழியாகக் கேட்கும். கருவி பதில் சொல்லும். கருவியிடம் இருந்து கடைசிச் சமிக்ஞை வந்தது மலேசிய நேரம் காலை 8:19க்கு.

இந்தப் பதில்களில் இடக்குறிப்பு எதுவும் கிடையாது. ஆனால் ஒரு பதில் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து, செயற்கைக்கோளில் இருந்து விமானம் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கணக்கிடலாம். தூரம் மட்டும் தெரிந்தால் புள்ளி கிடைக்காது, வட்டம்தான் கிடைக்கும். சரி, வடக்கா தெற்கா? அலைவரிசையில் ஏற்பட்ட சிறு மாற்றம் தெற்கைக் காட்டியது. வெறும் ‘இருக்கிறேன்’ என்ற பதிலில் இருந்து இவ்வளவைக் கறந்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

அப்புறம், 2015 ஜூலையில் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் இறக்கைத் துண்டு ஒன்று கரை ஒதுங்கியது. அது இந்த விமானத்தினுடையதே என்று உறுதியானது. ஆனாலும் அந்த வட்டக்கோடு மிக நீளம். 1,20,000 சதுர கி.மீ. கடலடியைத் துழாவிவிட்டு, 2017 ஜனவரியில் தேடலை நிறுத்தினார்கள்.